நாலாவது கேள்வி

வாதிஸ்வாவின் கேள்வித்தாளில் பதினெட்டு கேள்விகள். முதல் மூன்றுக்கு மாட்லோமோ சமர்த்தாகப் பதில் சொன்னாள். வயது எழுபத்து நாலு. தாஃபெனி கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது பதினேழு. பெற்றது ஐந்து, உருப்பட்டது இரண்டு. நாலாவது கேள்வியைக் கேட்டதும் கிழவி வாயை மூடிக்கொண்டாள்.

கேள்வி இதுதான்: உங்கள் மாமனார் பெயர் என்ன?

காது மந்தமோ என்று வாதிஸ்வா குரலை உயர்த்தி மறுபடி கேட்டாள். கிழவி நீளக் குழாய்ச் சுங்கானை எடுத்துப் புகையிலை அடைத்து, பற்றவைத்து, சுவரைப் பார்த்துப் புகை விட்டாள். மூன்றாம் தரம் கேட்க வாயெடுத்தபோதுதான் வாதிஸ்வாவுக்கு உறைத்தது. மாமனார் பெயரை மட்டுமல்ல, அந்தப் பெயருக்குள் இருக்கிற சொல்லைக்கூட வாயில் எடுக்காமல், அதற்குப் பதில் வேறு சொல் உண்டாக்கிப் பேசும் மருமகள்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்திருக்கிறாள். வந்தவள் அவர்களிடமே போய் மாமனார் பெயரைக் கேட்கிறாள். இந்தத் தாளைப் பல்கலைக்கழகத்தில் நாலு பேர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாலு பேரும் ஆம்பளைகள்.

"எழுத்து தெரிஞ்ச பொண்ணுதானே நீ," என்றாள் மாட்லோமோ. முகவாயை மாட்டுப் பட்டிப் பக்கம் நீட்டினாள். "அங்கதான் படுத்திருக்காரு. கல்லுல போட்டிருக்கு. போய்ப் பாத்துக்க."

வாதிஸ்வா சாணியை மிதித்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். கல்லறைக் கல்லில் ங்கோமியஹ்லாபா என்று வெட்டியிருந்தது. முட்டும் பசு என்று அர்த்தம். ஆக, ஐம்பத்தேழு வருஷமாக இந்தக் கிழவி பசு என்ற சொல்லைச் சொன்னதில்லை. இத்தனைக்கும் வீட்டில் பதினோரு பசு. திரும்பி வந்து பசுவின் படத்தைக் காட்டியபோது கிழவி யோசிக்காமல் ஒரு பழைய சொல்லைச் சொன்னாள். அந்தச் சொல்லுக்கு வேரும் கிடையாது, வேறு பொருளும் கிடையாது. மாமியார்கள் மருமகள்களுக்குக் கொடுத்துக் கொடுத்து வழவழவென்று தேய்ந்துபோன சொல்.

இப்படியாக நாலாவது கேள்விக்காக வாதிஸ்வா இரண்டு நாள் ஊரிலுள்ள பட்டியெல்லாம் ஏறி இறங்கினாள். முதுகலைப் படிப்பில் நாய் துரத்தும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஒரு வீட்டில் கல்லறையில் பெயரே இல்லை, வெறும் கற்குவியல். அங்கே படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, எந்தப் படத்துக்கு அந்த அம்மாள் சுற்றி வளைத்துப் பேசுகிறாள் என்று பார்த்து, பானைப் படத்தில் மாட்டிக்கொண்டதும், மாமனார் பெயரில் பானை இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்து எழுதினாள்.

அவளுடைய நெறியாளர் டாக்டர் ம்பூசேலிக்கு இந்தச் சிரமமெல்லாம் தெரியாது. அவர் முடிவை முன்னாலேயே எழுதி வைத்துவிட்டார். மருமகள்களின் இந்த மரியாதைப் பேச்சு சாகிறது. கிழவிகளிடம் முழுசாக இருக்கிறது, நடுவயதில் பாதி, முப்பதுக்குக் கீழே ஒன்றுமில்லை. வயதுப் பிரிவுக்குப் பத்துப் பேராக முப்பது பெண்கள். மூன்று கட்டம் போட்டு, மேலிருந்து கீழே சரிகிற கோடும் வரைந்து கொடுத்திருந்தார். வாதிஸ்வா எண்களை நிரப்பினால் போதும். "கடைசி மூச்சு" என்ற தலைப்பில் அதை ஒரு மாநாட்டில் வாசிக்கவும் அவர் பெயர் கொடுத்தாயிற்று. மாதக் கடைசிக்குள் அவர் கையெழுத்து விழுந்தால் பட்டம். பட்டம் வந்தால் துறையில் உதவி விரிவுரையாளர் வேலை. விழாவிட்டால் மறுபடி பட்டர்வொர்த் டவுன் சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவுக்குப் பின்னால் நின்று பை வேணுமா, பை வேணுமா என்று கேட்க வேண்டியதுதான். லீவுக்கு லீவு அதைச் செய்துதான் படித்தாள்.

அந்தச் சரிகிற கோடு அவளுக்கும் பிடித்திருந்தது. அதற்குக் காரணம் அவள் அம்மா.

அம்மா மாஜோலாவுக்கு நாற்பத்தெட்டு வயது, ஊர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை. அம்மாவின் மாமனார், அதாவது வாதிஸ்வாவின் தாத்தா, பெயர் மன்சொல்வான்ட்லே. கடல்தண்ணீர் என்று பொருள். உலகத்தில் எத்தனையோ பொருள் இருக்க, மனுஷன் பெயரில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு செத்தார். அம்மாவின் தலைமுறைக்குப் பழைய சொற்கள் பாதிதான் வந்து சேர்ந்தன. மீதியை அவர்களே செய்துகொண்டார்கள், ஒரு பொருள் என்ன வேலை செய்கிறதோ அதை வைத்து. குடிக்கிற தண்ணீர் தொண்டைநனைப்பான். துவைக்கிற தண்ணீர் அழுக்குப்போக்கி. மழைத் தண்ணீர் கூரைதட்டி. வெந்நீர் கைசுட்டான்.

பிள்ளைகள் அம்மா பேசுவதைத்தானே பேசும். பள்ளிக்கூடத்தில் முதல் நாள், ஆறு வயது வாதிஸ்வா கையைத் தூக்கி, டீச்சர் எனக்குத் தொண்டைநனைப்பான் வேணும் என்றாள். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. டீச்சரும் சிரித்தாள். ஐந்தாம் வகுப்பு வரை அதுதான் அவளுக்குப் பட்டப்பெயர். எவனோ ஒரு கிழவனின் பெயர் கெட்டுப்போய்விடக் கூடாது என்பதற்காகத் தன் வாயில் ஏன் பூட்டுப் போட்டார்கள் என்று அன்றைக்கு மூண்ட கோபம், குடும்பத்தில் யாரும் போகாத பல்கலைக்கழகம் வரை அவளைத் தள்ளிக்கொண்டு போனது. இந்த வழக்கம் செத்தால், இறுதிச் சடங்கில் முதல் மண்ணைத் தான் போட வேண்டும் என்பது அவள் ஆசை.

ஆகவே கட்டங்கள் நிரம்ப நிரம்ப உற்சாகமாக இருந்தது. கிழவிகள், பத்துக்குப் பத்து. நடுவயதுக்காரிகள், பத்துக்கு ஏழு. மற்ற மூன்று பேரும் கேப்டவுனில் வீட்டு வேலைக்கு இருந்து, மாமனார் பெயரைக் கூச்சமில்லாமல் சொல்லப் பழகியவர்கள்.

முப்பதுக்குக் கீழே ஊரில் இருந்தது பத்துப் பேர். கல்யாணமானவர்கள் இருவர். அவர்கள் பழைய சொல்லையும் தேடவில்லை, புதுச் சொல்லும் செய்யவில்லை. இங்கிலீஷ் சொல்லை எடுத்து முன்னால் ஒரு 'இ' ஒட்டினார்கள். இ-வாட்டர், இ-பாட், தீர்ந்தது வேலை. எந்த மாமனார் பெயரில் இங்கிலீஷ் இருக்கப்போகிறது என்று வாதிஸ்வா நினைத்தாள். ஒருத்தியின் மாமனார் பெயர் வைஸ்மேன். அதனால் அந்தப் பெண் மட்டும் போஸ்ட்மேனைச் சுத்தமான கோசா மொழியில் கடிதம் சுமப்பவர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எப்படியானாலும் எண் இரண்டு. பாக்கி எட்டும் கல்யாணமாகாத பெண்கள். மாமனாரே இல்லாதவர்களிடம் மரியாதைப் பேச்சு எங்கிருந்து வரும். எட்டும் சைபர் என்று பென்சிலால் எழுதியே வைத்துக்கொண்டு போனாள்.

பெண்கள் கடை வாசலில் உட்கார்ந்து ஒருத்திக்கொருத்தி தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்குத் தலைவி ஹ்லுமேலா. பத்தொன்பது வயது, நாக்கு அவளைவிடப் பெரியது. வாதிஸ்வா ஒவ்வொருத்தியாகத் தனியே கூப்பிட்டுப் படங்களைக் காட்டினாள். பசு, பசு. தண்ணீர், தண்ணீர். பானை, பானை. சூரியன் படத்தைக் காட்டியதும் ஹ்லுமேலா, "மேலடுப்பு," என்றாள்.

வாதிஸ்வா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. அடுத்தவள் வானத்து ஹீட்டர் என்றாள். அடுத்தவள் இ-சன். அதற்கடுத்த இரண்டு பேரும் மேலடுப்பு. யம்கேலா என்ற ஒல்லிப் பெண் படத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தெரியாது என்றாள். எட்டுப் பேரில் ஒருத்திகூடச் சூரியனைச் சூரியன் என்று சொல்லவில்லை. வெயிலுக்குக் கன்னத்தில் அப்பியிருந்த வெள்ளைக் களிமண்ணைக்கூட மேலடுப்புப் பூச்சு என்றார்கள்.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. சூரியனுக்கு அந்த மொழியில் லாங்கா. தாஃபெனிக்கும் பட்டர்வொர்த்துக்கும் ஓடுகிற ஒரே வேனின் டிரைவர் பெயரும் லாங்கா. பின்கண்ணாடி முழுக்க உதிக்கிற சூரியனை வரைந்து வைத்திருப்பவன். இரண்டு வருஷம் யம்கேலாவை முன்சீட்டில் வைத்து ஊர்வலம் போனவன், போன அறுவடைக்குப் பரிச மாடுகளை வேறு ஊர்ப் பெண் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பேசி முடித்துவிட்டான். அன்றையிலிருந்து இந்த எட்டுப் பேரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. அவன் பெயரில் இருக்கிற சூரியனையும் சொல்வதில்லை.

"அவனுக்கு அவ்வளவு மரியாதையா?" என்றாள் வாதிஸ்வா.

"மரியாதையா? துப்புறதுக்குக்கூட அவன் பேரு என் வாய்க்குள்ள வரக்கூடாதுக்கா."

ஹ்லுமேலா இன்னொன்றும் சொன்னாள். வேனில் இறங்க வேண்டுமானால் டிரைவரைப் பேர் சொல்லித்தான் நிறுத்தச் சொல்வார்கள். இவர்கள் ஸ்டியரிங்கு, ஸ்டியரிங்கு என்று கூப்பிட்டார்கள். அவனுக்கு ரோஷம் வந்து, பேரைச் சொல்லு நிறுத்தறேன் என்று ஓட்டிக்கொண்டே போனான். மூன்று மைல் தள்ளி ஆற்றுப் பாலத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தபோதுதான் வேன் நின்றது. எட்டுப் பேரும் மாவு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று மைல் திரும்பி நடந்தார்கள். வாயைத் திறக்கவில்லை.

வாதிஸ்வா பென்சில் சைபர்களை ரப்பரால் அழித்தாள். முப்பதுக்குக் கீழே: பத்துக்குப் பத்து. பத்து, ஏழு, பத்து. கோடு சரியவில்லை, பள்ளத்தில் இறங்கி மறுபடி மேலேறி நின்றது.

ஊரில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான், மாடுகளை மருந்தில் முக்கி எடுக்கிற தொட்டியின் சுவர் மேல். வாதிஸ்வா அதில் ஏறி நின்று டாக்டர் ம்பூசேலியைக் கூப்பிட்டாள். எட்டு பேரும் சூரியனைச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்றாள். யாருடைய மாமனார் என்று கேட்டார். மாமனார் இல்லை, வேன் டிரைவர் என்றாள்.

"இங்க பாரும்மா," என்றார் அவர். "நம்ம சப்ஜெக்ட் பேரு என்ன? மரியாதைப் பேச்சு. இதுல மரியாதை எங்க இருக்கு? சின்னப் பொண்ணுங்க கோவிச்சுக்கிட்டு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறது ஆராய்ச்சியில சேராது. சைபர் போடு."

"சைபர் போட்டா பொய்யாயிடும் டாக்டர்."

"போடலன்னா என் கையெழுத்து இல்ல. நிதானமா யோசி. உங்க வீட்டுலயே மொத பட்டதாரி நீ. அதக் கெடுத்துக்காத."

மொத பட்டதாரி என்பதை அவர் எப்போதும் கடைசியில்தான் எடுப்பார், கசாப்புக் கடைக்காரன் பெரிய கத்தியை எடுக்கிற மாதிரி. வாதிஸ்வா சுவரிலிருந்து குதித்து இறங்கினாள். சைபர் போடத் தனக்கே ஆசையாக இருப்பது இன்னும் எரிந்தது. அவருக்கு மாநாடு. அவளுக்கு ஆறு வயதில் பட்ட அவமானம். இரண்டுக்கும் அதே சைபர்தான் மருந்து.

வீட்டில் அம்மா சோளமும் பயறும் வேகிற பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள். என்ன சொன்னார் உங்க டாக்டர் என்று கேட்டாள்.

"அந்த மனுஷன் சைபர் போடச் சொல்றாரு."

"எந்த மனுஷன்?"

"அந்த மனுஷன்தான்," என்றாள் வாதிஸ்வா.

அம்மா அவளை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கிளறலைத் தொடர்ந்தாள்.

மறுநாள் மாட்லோமோவிடம் ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்க வேண்டியிருந்தது. கிழவி கட்டைவிரலை மையில் அமுக்கும்போது வாதிஸ்வா பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டாள், உங்க மாமனார் மேல உங்களுக்கு ரொம்ப மரியாதையா என்று.

கிழவிக்குச் சிரிப்பில் இருமல் வந்தது. இருமல் அடங்கும்வரை மைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தாளு என்ன பண்ணினாருன்னு தெரியுமாடி உனக்கு?"

கல்யாணத்தின்போது பிறந்த வீட்டிலிருந்து அவளோடு ஒரு பசு வந்தது. அப்படி வருகிற பசு பெண்ணுக்கே சொந்தம்; அதன் வால்மயிரைத் திரித்துக் கழுத்தில் கட்டிக்கொண்டால் நோய் நொடி அண்டாது; அதை விற்கவும் கூடாது, அறுக்கவும் கூடாது. மாமனார் அந்த வருஷமே அதைப் பட்டர்வொர்த் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய் விற்று, ஒரு கிராமபோன் பெட்டி வாங்கி வந்தார். தட்டு வாங்கக் காசு பத்தவில்லை. பெட்டி சும்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தது.

"அதுவரைக்கும் நானும் எல்லா மருமகளையும் போல அரைகுறையாத்தான் பேசிக்கிட்டிருந்தேன். ஒரு நாளைக்கு ரெண்டு தரம் அந்தச் சொல்லு வாய் தவறி வந்துடும். மாமியா திட்டுவா. அந்தப் பெட்டி வந்த அன்னிக்கு நெனச்சேன், ஏ மனுஷா, என் சொத்து உன் பையில போச்சு, இனிமே உன் பேரு என் வாயில வராதுன்னு. அப்புறம் ஒரு தரம் தவறல. ஐம்பத்தேழு வருஷம்."

"ஊர்ல யாருக்கும் தெரியாதா?"

"ஊரு என்னைக் கொண்டாடிச்சுடி. மருமகள்னா மாட்லோமோ மாதிரி இருக்கணும்னாங்க. அந்தாளு செத்தப்போ, கடைசி வரைக்கும் மரியாத காத்தவள்னு சொல்லி எனக்கு ஒரு கம்பளி போத்துனாங்க. நல்ல கம்பளி. இன்னும் இருக்கு."

தன் முதுகைத் திருப்பிக் காட்டினாள். சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்ட கம்பளி.

வாதிஸ்வா வீட்டுக்கு வந்து, பத்து, ஏழு, பத்து என்று பேனாவால் எழுதினாள். மரியாதை என்ற சொல்லை அளந்து பார்க்க நாம் கருவி எதுவும் கொண்டுபோகவில்லை, வாயைத்தான் அளந்தோம் என்று ஒரு பாரா எழுதிச் சேர்த்தாள். கடைசியில் நன்றியுரை பாக்கி. நெறியாளருக்கு நன்றி சொல்லாமல் ஆய்வேட்டைத் துறை ஏற்காது. முதல் வரியில் அவர் பெயர் வர வேண்டும்.

உட்கார்ந்தாள். எழுதினாள். அடித்தாள். கை அந்தப் பெயரைப் போட மறுத்தது. மொத பட்டதாரி என்று சொன்ன குரல் காதில் இருக்கும்போது, அந்தப் பெயருக்கு முன்னால் நன்றியை வைக்க முடியவில்லை. "மலை உச்சியில் அமர்ந்து கையெழுத்துக் காத்த பெரியவருக்கு" என்று ஆரம்பித்தாள். எழுதிக்கொண்டு போகையில் இன்னொரு முள் குத்தியது. ம்பூசேலி என்ற பெயரின் வேருக்குக் கேள்வி கேட்பது என்று பொருள். கேள்வி என்று எழுதினால் ஆள் வந்து நிற்கிறார். கேள்வியை அடித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்து, வாய்திறப்பான் என்று எழுதினாள். எழுதிய பிறகுதான் அது யார் செய்கிற மாதிரிச் சொல் என்று உறைத்தது. அடுப்படியில் அம்மா தொண்டைநனைப்பான் மொண்டு பானையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாதிஸ்வா இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்து, கேள்வித்தாள் என்று இருந்த இடமெல்லாம் வாய்திறப்பான் தாள் என்று மாற்றினாள். மொத்தம் அறுபத்து மூன்று இடம். மனம் குளிர்ந்துபோயிற்று.

பட்டர்வொர்த்துக்குப் போய் ஒரு பிரதி அச்சடித்துக்கொண்டு, மின்னஞ்சலிலும் அனுப்பினாள். வரும்போது வேனில் அவளும் ஸ்டியரிங்கு என்றுதான் கூப்பிட்டாள். இந்தத் தரம் வண்டி நின்றது. ஓட்டிக்கொண்டே போனால் பட்டியிலிருந்து மாட்டை அவிழ்த்து ரோட்டில் விடுவதாக ஹ்லுமேலா சொல்லியனுப்பியிருந்தாளாம்.

இனி கல்லாதான், பை வேணுமாதான் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கையில் அவள் தொட்டிச் சுவர் மேல் ஏறியபோது போன் அடித்தது.

"வாதிஸ்வா," என்றார் அவர். குரல் கரகரத்தது. ஜலதோஷம் என்று அவள் நினைத்தாள். "உன் அட்டவணையப் பாத்ததும் கிழிச்சுப் போட இருந்தேன். அப்புறம் நன்றியுரை படிச்சேன். ஒரு தரம்கூட என் பேர் இல்ல."

அவள் சுவரில் காலை அகற்றி நின்றுகொண்டாள்.

"பேரு மட்டுமா? பேருக்குள்ள இருக்கிற சொல்லையே விட்டிருக்கியே தாயி. அறுபத்து மூணு எடம். நான் எண்ணிப் பாத்தேன். என் சொந்த மருமக என்னை டார்லிங் டாடின்னு கூப்பிடுறா. இருபத்து நாலு வயசுப் பொண்ணு நீ எனக்கு இந்த மரியாத குடுத்திருக்க. முப்பதுக்குக் கீழ சைபர்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? உன் பத்து இருக்கட்டும். கையெழுத்துப் போட்டாச்சு. மாநாட்டுக்குத் தலைப்பையும் மாத்திட்டேன். 'மறுபிறவி'."

உண்மையைச் சொல்ல வாதிஸ்வாவின் நாக்கு நுனிவரை வந்தது. எந்த இடத்திலும் அடங்கத் தெரியாத நாக்கு அது. மாட்லோமோவின் முதுகில் கிடந்த கம்பளி நினைவுக்கு வந்தது. நல்ல கம்பளி. நன்றி என்று மட்டும் சொல்லி, போனை வைத்தாள்.

வாசலில் அம்மாவும் மாட்லோமோவும் ஹ்லுமேலாவும் உட்கார்ந்திருந்தார்கள். கையெழுத்து விழுந்துவிட்டது என்றாள். அம்மா முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். என்ன நடந்தது என்று முழுசாகக் கேட்ட மாட்லோமோ, சிரித்துச் சிரித்துச் சுங்கானைக் கீழே போட்டாள்.

"கம்பளி போத்திட்டாங்கடி உனக்கு," என்றாள். "ஆமா, அந்தாளு பேரு என்ன?"

வாதிஸ்வா வாயைத் திறந்தாள். மூடினாள். ஜன்னல் திட்டில் ஆய்வேட்டின் பிரதி கிடந்தது. முகவாயை அதன் பக்கம் நீட்டினாள்.

கிழவிக்கு எழுத்து தெரியாது. ஹ்லுமேலா எழுந்து போய் எடுத்து, அட்டையில் துறை விதிப்படி இருந்த நெறியாளர் பெயரை உதடு அசையாமல் ஒரு தரம் படித்தாள். படித்ததும் திரும்ப அதே இடத்தில் குப்புற வைத்தாள்.

"சரிக்கா," என்றாள். "மத்தவங்களுக்கும் சொல்லிடறேன்."